மேசைமேல் நிற்கப்போகும் படை: மினியேச்சர்களை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்க ஒரு முழு வழிகாட்டி

மேசைமேல் படை நிறுத்தி ஆடும் போர் ஆட்டத்துக்கான சிறு உருவங்கள்தான் மினியேச்சர்கள். முதன்முதலில் நான் பெயின்ட் அடித்த ஈட்டிக்காரனுக்குப் பதினொரு மணி நேரம் ஆனது. பெல்ட்டின் பக்கிளுக்குக்கூட இரண்டு அடுக்கு ஹைலைட், அதாவது மேடான இடத்தில் வெளிர்நிறப் பூச்சு. ஆசையாக எடுத்துக்கொண்டு போய் ஆட்ட மேசையில் நிறுத்தினால், எதிர்ப்பக்கம் நின்றவர் கண்ணுக்கு அவன் வெறும் பழுப்பு உருண்டையாகத்தான் தெரிந்தான். அவர் பக்கம் இருபது பேர். ஆளுக்கு நாலே நிறம், மேலே வாஷ் என்கிற தண்ணியான நிழல் பூச்சு ஒன்று, முகத்தை மட்டும் நல்ல வெளிச்சமாக விட்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் அது படை மாதிரி இருந்தது. ஆட்டத்துக்கான மினியேச்சரை நாம் பெரும்பாலும் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, மேலிருந்துதான் பார்க்கிறோம். கீழே நான் சொல்கிற எல்லாமே அந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்துத்தான். கண்காட்சிக்கு ஒற்றை உருவத்தை மாதக்கணக்கில் பூசுகிறவர்களின் கணக்கு வேறு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பொம்மை எதனால் ஆனது?

பெட்டியைத் திறந்ததும் பெயின்டைத் தேடாதீர்கள். உருவம் எந்தப் பொருளில் வார்த்தது என்று முதலில் பாருங்கள். பசை, கத்தி, கழுவும் முறை எல்லாமே அதைப் பொறுத்து மாறும்.

ஸ்ப்ரூ என்கிற சட்டகத்தோடு வரும் கெட்டிப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஸ்டைரின். இதற்குப் பிளாஸ்டிக் சிமென்ட் போடுங்கள். அது இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடும், நன்றாகக் காய்ந்தபின் இணைப்பைப் பிரிப்பது கஷ்டம். ரெசினுக்கும் உலோகத்துக்கும் அந்தச் சிமென்ட் பிடிக்கவே பிடிக்காது. அவற்றுக்குச் சூப்பர் குளூ, பாகம் கனமாக இருந்தால் இரண்டு டியூபாக வரும் எபாக்சி. வளைந்து கொடுக்கும் பி.வி.சி. பொம்மைக்கும் சூப்பர் குளூதான்.

ரெசின் உருவங்களில் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ப்ரைமர் என்கிற அடிப்பூச்சை அடித்தால் இன்றைக்கு நன்றாக இருக்கும், அடுத்த மாதம் தோல் உரிவதுபோல் உரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். ஈட்டியோ வாளோ வளைந்து வந்திருந்தால் சூடான தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். ரெசினுக்கும் பி.வி.சி.க்கும் இது ஒத்துவரும். உலோகத்தைக் கையாலேயே வளைக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் நாலு முறை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடும்.

ரெசினை ராவும்போது வரும் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது, அதோடு நல்ல மாஸ்க் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே வேலை முடிந்ததும் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

வெட்டுவதும் சுரண்டுவதும்

ஸ்ப்ரூவிலிருந்து பாகத்தை நகம்வெட்டியால் பிய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு காலத்தில் நானும் அந்த ஜாதிதான். பக்கவாட்டில் வெட்டும் சிறு கட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அதன் தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்து இருக்கட்டும். ஒட்டி வெட்டாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள்.

அடுத்தது மோல்ட் லைன். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் உருவத்தைச் சுற்றி ஓடும் அந்த மெல்லிய வரம்பு வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும்போது கண்ணில் படாது. வாஷ் ஓடியதும், ட்ரை பிரஷ் (ஏறக்குறைய காய்ந்த பிரஷ்) தேய்த்ததும், தலைக்கவசத்தின் நடுவில் யாரோ தையல் போட்ட மாதிரி எழுந்து நிற்கும். உருவத்தை விளக்குக்குப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாகத் திருப்பினால் அதன் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். கத்தியின் கூர்மையான பக்கத்தால் சீவாமல் முதுகுப்பக்கத்தால் சுரண்டுங்கள். இருபது பேர் படையில் எல்லா வரியையும் எடுக்கப் பொறுமை இல்லையா? சரி, தலை, முகம், தோள், முன்பக்கக் கால் இவ்வளவையும் சுத்தம் செய்யுங்கள். அங்கியின் அடியில் ஒளிந்திருப்பதை நான் இப்போதெல்லாம் கண்டுகொள்வதில்லை.

பசை போடுவதற்கு முன் எல்லாப் பாகங்களையும் வெறுமனே பொருத்திப் பாருங்கள். கேடயம் மார்பை முழுதாக மறைக்கிறதென்றால் அதை இப்போது ஒட்டாமல் தனியாகப் பெயின்ட் அடித்துக் கடைசியில் ஒட்டலாம். ஒட்டப்போகும் இடத்தில் மட்டும் ப்ரைமரோ பெயின்டோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பசை பெயின்டைத்தான் பிடிக்குமே தவிர உருவத்தைப் பிடிக்காது.

உருமாற்றம்: எங்கே கை வைப்பது

எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த பகுதி இது. கன்வர்ஷன் என்றதும் புதிதாக வருகிறவர்கள் இறக்கை, கொம்பு, இரண்டாவது வாள் என்று சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒன்றுமே சேர்க்காமல் தலையை இருபது டிகிரி திருப்பிப் பாருங்கள், ஆள் மாறிவிடுவான். ஒரே அச்சில் வார்த்த பன்னிரண்டு ஈட்டிக்காரர்கள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றால் அது கடைத்தட்டு மாதிரி இருக்கும். அதில் நாலு பேர் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தால், ஒருவன் தரையைப் பார்த்தால், ஒரு கூட்டம் உருவாகிவிடுகிறது.

எதைச் செய்வதற்கு முன்னும் அந்தப் போஸில் நீங்களே எழுந்து நின்று பாருங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஈட்டியில் சாய்ந்து நிற்கும்போது ஒரு கால் தளர்ந்து இடுப்பு ஒரு பக்கம் இறங்கும், அதற்கு ஈடாகத் தோள் எதிர்ப்பக்கம் சரியும். இந்தச் சரிவு இல்லாமல் கையை மட்டும் மாற்றி ஒட்டினால் துணிக்கடைப் பொம்மைக்குக் கை மாட்டிய கதைதான்.

இன்னொன்று, அளவு. 28 மி.மீ. என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பலர் பாதத்திலிருந்து கண் மட்டம் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. அதிலும் கை, தலை, ஆயுதங்களை வேண்டுமென்றே பெரிதாக்கிச் செய்யும் பாணி ஒன்று உண்டு. இரண்டு நிறுவனங்களின் 28 மி.மீ. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது. தலை மாற்றப்போகிறீர்கள் என்றால் வெட்டுவதற்கு முன்னால் புதுத் தலையைப் பழைய தலைக்கு முன் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.

இப்போது ஒரு உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். விறைப்பாக நிற்கும் உலோக ஈட்டிக்காரன் ஒருவனைக் களைத்துப்போனவனாக மாற்ற வேண்டும்.

முதலில் தலை. சிறு ரம்பத்தால் கழுத்துப்பட்டைக்கு மேலே அறுத்து எடுக்கிறோம். கத்தியால் அழுத்தி வெட்டப்போனால் அது வழுக்கி நேராக விரலில்தான் இறங்கும். அறுத்த பரப்பைச் சமமாக ராவிவிட்டு, உள்ளே ஒரு கம்பித் துண்டை வைத்து இணைக்க வேண்டும், இதைப் ‘பின்’ போடுவது என்பார்கள். உலோகத்தைப் பொறுத்தவரை வெறும் சூப்பர் குளூ போதாது, ஒரு முறை கீழே விழுந்தால் தலை தனியாக உருளும். பின் வைஸ் என்னும் கைத்துளைப்பானில் 0.8 மி.மீ. பிட் மாட்டி, கழுத்தின் நடுவில் கத்தி முனையால் ஒரு சின்னக் குழி குத்திக்கொண்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையுங்கள். அதில் பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றை மில்லிமீட்டர் அளவு வெளியே நீட்டியபடி ஒட்டுங்கள், பேப்பர் கிளிப்பை நிமிர்த்தியும் பயன்படுத்தலாம். தலையில் எங்கே துளை போடுவது? கம்பி நுனியில் ஒரு பொட்டு பெயின்ட் வைத்துத் தலையை மேலே வைத்து லேசாக அழுத்துங்கள். பொட்டு ஒட்டிய இடம்தான் துளைக்கும் இடம். இந்த ஒரு தந்திரம் தெரியாமல் எத்தனை கழுத்துகளைச் சல்லடையாக்கினேன் என்று கணக்கில்லை. ஒட்டும்போது தலையைக் கொஞ்சம் முன்னால் தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுங்கள்.

அப்புறம் ஈட்டி. வார்த்து வந்த ஈட்டி தடிமனாக இருக்கும், எப்படியும் வளையும். முஷ்டிக்கு மேலும் கீழும் வெட்டி எறிந்துவிட்டு முஷ்டிக்குள்ளேயே துளை போட வேண்டும். பார்க்கப் பயமாக இருக்கும் வேலை, ஏனென்றால் அந்த முஷ்டியே மூன்று மில்லிமீட்டர்தான். மேலிருந்து பாதி தூரம், கீழிருந்து பாதி தூரம் என்று 0.5 மி.மீ. பிட்டால் துளைத்து நடுவில் சேர்த்து, அதற்கப்புறம் 1 மி.மீ. பிட்டால் அகலப்படுத்துங்கள். அழுத்தக் கூடாது, பிட் தானே கடித்துக்கொண்டு இறங்கட்டும். இப்போது 1 மி.மீ. பித்தளைக் கம்பி அதில் வழுக்கிக்கொண்டு போகும். நீளம் எவ்வளவு? 28 மி.மீ. உருவத்தை ஏறத்தாழ 56-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 2.4 மீட்டர் ஈட்டிக்கு 43 மி.மீ. கம்பி. நுனியைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கி ராவினால் முனை தயார். கம்பியின் நுனி கண்ணில் குத்தும் அளவுக்குக் கூராக இருக்க வேண்டாம், மேசைமேல் குனிந்து பார்க்கிறவர்கள் நாம்.

தோளில் ஒரு போர்வை. இங்கேதான் கிரீன்ஸ்டஃப் வருகிறது. நீலமும் மஞ்சளுமாக வரும் இரண்டு பாக எபாக்சிப் புட்டி இது, பிசைந்தால் பச்சையாகும். பட்டையாக வாங்கினால் இரண்டு நிறமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோட்டை வெட்டி எறிந்துவிடுங்கள். அது பெட்டியிலேயே கெட்டியாகியிருக்கும், கலந்தால் மாவில் கல் மாதிரி நெருடும். பாதிக்குப் பாதி கலப்பது வழக்கம். மஞ்சள் கூடினால் மிருதுவாக, பிசுபிசுப்பாக இருக்கும், வேலை செய்யக் கூடுதல் நேரமும் கிடைக்கும். நீலம் கூடினால் காய்ந்தபின் கெட்டியாக, கூர்மையான விளிம்போடு நிற்கும். கோடு கோடாக நிறம் தெரியாத வரை பிசைந்துவிட்டு அப்படியே பதினைந்து இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். இந்தக் காத்திருப்பு இல்லாமல் தொட்டால் உருவத்தைவிட உங்கள் விரலைத்தான் அதிகம் நேசிக்கும்.

வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளில் துளி வாசலின் தடவி, புட்டியை மெல்லிய தகடாக உருட்டி, அரை மணி நேரம் போனதும் போர்வை வடிவத்தில் வெட்டித் தோளில் போர்த்துங்கள். துணி எங்கே தொங்குகிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும்: தோள்முனை, முடிச்சு, முழங்கை. அந்தப் புள்ளிகளிலிருந்து கீழ்நோக்கி விரிந்து விரிந்து மங்க வேண்டும். இணையாக நாலு கோடு கீறிவிட்டால் அது துணியாகத் தெரியாது, தகரக் கூரையாகத் தெரியும். ரப்பர் முனை வைத்த கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு குச்சியைத் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். கருவியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வேலை செய்ய வேண்டும். போர்வை விளிம்பில் ரோமம் வேண்டுமென்றால் கீழ்வரிசையிலிருந்து தொடங்கி மேலே போங்கள், மேல்வரிசை கீழ்வரிசையின்மேல் படியும், உண்மையான ரோமமும் அப்படித்தான் படிந்திருக்கிறது.

ஒன்றரை மணி நேரத்துக்குள் இதை முடித்தாக வேண்டும், பிறகு அது சொன்னபடி கேட்காது. முழுக்கக் காய ஒரு நாள். நடுவில் "காய்ந்துவிட்டதா" என்று விரலால் தொட்டுப் பார்க்கிற ஆசை வரும். கைரேகை பதிந்த போர்வை என்னிடம் இன்னும் இரண்டு இருக்கிறது. மிச்சப்படும் புட்டியில் ஒரு துண்டை உருட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பாருங்கள். இடைவெளி நிரப்பி வழுவழுப்பாக ராவ வேண்டிய வேலை என்றால் கிரீன்ஸ்டஃப்பைவிட மில்லிபுட் என்ற இன்னொரு எபாக்சிப் புட்டி நல்லது, கிரீன்ஸ்டஃப் காய்ந்தபின்னும் கொஞ்சம் ரப்பர்த்தன்மையோடு இருப்பதால் உப்புத்தாளுக்கு அடங்காது.

கைகளை மாற்றி மாற்றி மாட்ட நியோடைமியம் காந்தங்கள் வைப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: ஒட்டுவதற்கு முன் துருவத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். தோளைக் கண்டதும் துள்ளி ஓடும் கை ஒன்றை நான் வளர்த்துவருகிறேன்.

ப்ரைமர்

அடிப்படையில் சின்ன வேலை, கெட்டுப்போனால் பெரிய வேலை. ஸ்ப்ரே ப்ரைமர் கேனை ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, உருவத்துக்கு வெளியே தொடங்கி அதைக் கடந்து வெளியே முடியும்படி வீசி வீசி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் முகம் மூழ்கிவிடும். மெல்லிய இரண்டு மூன்று பூச்சு. காற்றோட்டமான இடம், மாஸ்க் கட்டாயம். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் அடிக்காதீர்கள், கொளுத்தும் வெயிலிலும் வேண்டாம். வெயிலில் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மணல்மணலாக ஒட்டும். வானிலை ஒத்துழைக்காவிட்டால் பிரஷ்ஷால் பூசும் ப்ரைமர் கிடைக்கிறது, மெதுவான வேலை என்றாலும் எந்தக் காலத்திலும் கைகொடுக்கும்.

முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு, மேலிருந்து 45 டிகிரிச் சாய்வில் வெள்ளையைத் தூவினால் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே இருக்கும் என்று உருவமே வரைபடம் போட்டுக் காட்டும். செனித்தல் என்பார்கள். மெல்லிய பெயின்டுகளை இதன்மேல் பூசும்போது பாதி நிழல் வேலை இலவசமாக முடிந்துவிடும்.

பெயின்டைத் தண்ணியாக்குவது

தொடங்குகிறவர்களின் உருவங்கள் கெடுவதற்கு முதல் காரணம் கெட்டியான பெயின்ட். டப்பாவில் இருந்து நேராகப் பூசினால் முகத்தின் மூக்கு வாய் எல்லாம் அடைந்துவிடும். அக்ரிலிக்கைத் தட்டில் எடுத்துப் பால் பதத்துக்குத் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சாகப் பூசுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, அசிங்கமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பெயின்டைக் கெட்டியாக்கிவிடாதீர்கள். பதம் சரியா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு கலையாமல் நின்று, அடியில் இருக்கும் நகம் லேசாகத் தெரிந்தால் சரி. ஓடிப்போனால் தண்ணீர் அதிகம், அல்லது பிரஷ்ஷில் சுமை அதிகம். உருவத்தைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் டிஷ்யூவில் ஒரு ஒற்று ஒற்றுவதைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பெயின்ட் காயாமல் வைத்திருக்கும் ஈரத் தட்டான வெட் பேலட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மூடியுள்ள தட்டையான டப்பா, அதில் தண்ணீர் ஊறிய மெல்லிய ஸ்பான்ஜ், மேலே பேக்கிங் பேப்பர். மெழுகுத்தாள் வேலைக்கு ஆகாது, அது தண்ணீரை மேலே விடாது. இதில் வைத்த பெயின்ட் மூடிவைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

பிரஷ் விஷயத்தில், மிகச் சின்ன பிரஷ்தான் நுணுக்கமான வேலைக்கு என்று நினைத்துப் பத்துப் பூஜ்யம் (10/0) எண் போட்டதை வாங்காதீர்கள். அதில் இருக்கும் துளி பெயின்ட் உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். நல்ல கூர்முனையுள்ள 1-ஆம் எண் அல்லது 2-ஆம் எண் பிரஷ் ஒன்று, முடிந்தால் கொலின்ஸ்கி சேபிள் என்ற விலங்கு மயிரில் செய்தது, முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். ட்ரை பிரஷ்ஷுக்குத் தனியாகப் பழையது. பெயின்ட் மயிரின் பாதிக்கு மேல் ஏறவே கூடாது. உலோக வளையத்துக்குள் போய்க் காய்ந்தால் முனை பிளந்துவிடும், அப்புறம் எந்தச் சோப்பும் காப்பாற்றாது. முனையைக் கூராக்க நாக்கில் வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. சில நிறமிகள் உடம்புக்கு ஆகாது, டிஷ்யூவில் உருட்டியே கூராக்கலாம்.

படையாகப் பூசுவது

முதலில் ஒரே ஒருவனை முழுதாக முடித்துப் பாருங்கள், நிறங்கள் பொருந்துகின்றனவா என்று தெரிந்துவிடும். மூன்றடி தள்ளி வைத்துப் பாருங்கள். எந்த நிறம் எந்த வரிசையில் போட்டீர்கள் என்பதை எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து அதே படைக்கு ஐந்து பேர் சேர்க்கும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள். பிறகு ஐந்து முதல் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, ஒரு நிறத்தை எடுத்தால் எல்லோருக்கும் அந்த நிறத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கடைசி ஆள் முடியும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான். இருபது முப்பது என்று வரிசை நீண்டால் சலித்துப்போய்க் கைவிட்டுவிடுவோம், அனுபவத்தில் சொல்கிறேன்.

நாம் உடுத்தும் வரிசையில் போவது எளிது: தோல், உள்ளாடை, மேலாடை, பெல்ட், கவசம், ஆயுதம். உள்ளே இருப்பதைப் பூசும்போது வெளியே சிதறினால் கவலையில்லை, அடுத்த நிறம் மூடிவிடும்.

எல்லா அடிப்படை நிறமும் முடிந்ததும் வாஷ். பள்ளங்களில் போய்த் தங்கும் தண்ணியான கருநிறம் இது. எல்லாவற்றுக்கும் கறுப்பு வாஷ் ஊற்றினால் கரி மூட்டையில் விழுந்தவன் மாதிரி ஆகிவிடும். தோலுக்குச் செம்பழுப்பு, துணிக்கும் தோல்வாருக்கும் பழுப்பு, உலோகத்துக்குக் கறுப்பு. தட்டையான இடத்தில் குளம் கட்டினால் ஈரமான சுத்தப் பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். பாதி காய்ந்தபின் மட்டும் தொடாதீர்கள், கறை விளிம்பு போட்டுவிடும். இந்த இடத்தில் அரை மணி நேரம் எழுந்து போய்விடுவதே நல்லது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது.

அப்புறம் ஹைலைட். வாஷ் எல்லாவற்றையும் ஒரு படி இருட்டாக்கியிருக்கும். அடிப்படை நிறத்தையே எடுத்து மேடான இடங்களுக்குத் திரும்பப் பூசி, பிறகு கொஞ்சம் வெளிர்ந்த நிறத்தால் விளிம்புகளை மட்டும் தொடுங்கள். கையில் வைத்துப் பார்க்கும்போது "கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ" என்று தோன்ற வேண்டும், மேசையில் அதுதான் சரியாக இருக்கும். ஒரு அங்குல உருவத்தின் துணி மடிப்பில் விழும் உண்மையான நிழல் மிகமிகக் கொஞ்சம், கண் அதைப் பிடிக்காது. அதனால்தான் நிழலையும் வெளிச்சத்தையும் நாமே வரைந்துவைக்க வேண்டியிருக்கிறது.

சிவப்பை வெளிறச் செய்ய வெள்ளை சேர்த்தால் ரோஸ் ஆகிவிடும். ஆரஞ்சோ தோல் நிறமோ சேருங்கள். மஞ்சளைக் கறுப்பு ப்ரைமர்மேல் பூசி ஏழு பூச்சு அடித்து நொந்துபோகாமல், அடியில் ஒரு வெளிர்பழுப்போ ரோஸோ போட்டுவிட்டால் இரண்டு பூச்சில் ஏறும். வெள்ளைத் துணியை வெளிர்சாம்பலில் தொடங்குங்கள், சுத்த வெள்ளை கடைசி விளிம்புக்கு மட்டும். கறுப்பும் அப்படித்தான், நீலம் கலந்த சாம்பலால் விளிம்பு கொடுத்தால்தான் அது கறுப்புத் துணியாகத் தெரியும், இல்லாவிட்டால் பெயின்ட் அடிக்க மறந்த இடம்.

உலோகத்துக்கு அடியில் கறுப்பு, மேலே கன்மெட்டல் என்கிற அடர்சாம்பல் உலோக நிறம், கறுப்பு வாஷ், விளிம்பில் வெள்ளி. மெட்டாலிக் பெயின்டுக்குத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தனியாக வையுங்கள், அதிலுள்ள மினுமினுப்புத் துகள் மற்ற நிறங்களுக்குப் பரவினால் உங்கள் விவசாயப் படை முழுக்க ஜிகினாச் சட்டை போட்டிருக்கும்.

நேரமே இல்லை என்பவர்களுக்கு ஒரே பூச்சில் நிழலும் நிறமும் தரும் பெயின்டுகள் இருக்கின்றன. 2019-ல் மினியேச்சர் நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் கான்ட்ராஸ்ட் என்ற பெயரில் வெளியிட்டபின் மற்ற நிறுவனங்களும் அதே வகையைக் கொண்டுவந்துவிட்டன. வெளிர்நிற ப்ரைமரின்மேல், அல்லது செனித்தலின்மேல் பூச வேண்டும். துணி மடிப்பு, ரோமம், சங்கிலிக் கவசம் போன்ற மேடுபள்ளமான இடங்களில் அற்புதம். அகலமான வழுவழுப்பான பரப்பில் திட்டுத்திட்டாகத் தேங்கும். இதைக் குறுக்குவழி என்று மட்டம் தட்டுகிறவர்களின் படைகள் பெரும்பாலும் சாம்பல் பிளாஸ்டிக்காகவே நிற்பதைக் கவனித்திருக்கிறேன்.

முகம்

நேரத்தைச் செலவழிக்க ஒரு இடம் உண்டென்றால் இதுதான், மேசையில் பார்க்கிறவரின் கண் முதலில் போவது முகத்துக்கு. கண்ணை முதலில் போட்டுவிட்டு, தவறியதைத் தோல் நிறத்தால் மூடுவது எளிது. முதலில் கண்குழி முழுக்க அடர்பழுப்பு. அதற்குள்ளே ஓரத்தில் பழுப்புக் கோடு விட்டு, தந்த நிறத்தில் படுத்த கோடு ஒன்று. சுத்த வெள்ளை வைத்தால் பேயைப் பார்த்தவன்போல் முழிப்பான். அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சின்னக் கோடு கறுப்பில், மேல் இமையையும் கீழ் இமையையும் தொடுகிற மாதிரி. வட்டமாகப் புள்ளி வைத்து அதைச் சுற்றி வெள்ளை தெரிந்தாலும் அதே பேய்தான். இரண்டு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டால் கை நடுக்கம் பாதியாகக் குறையும். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். அதற்கு எளிய வழி, இரண்டு கருவிழியையும் லேசாக ஒரே பக்கம் தள்ளிவிடுவது. நேராகப் பார்க்க வைக்கும்போது ஒரு மயிரிழை தப்பினாலும் தெரியும், ஓரப்பார்வையில் தெரியாது.

உண்மையைச் சொன்னால், சாதாரணச் சிப்பாய்களுக்கு நான் கண்ணே போடுவதில்லை. கண்குழியில் அடர்பழுப்பு, மூக்கு, கன்ன எலும்பு, நெற்றி, முகவாய் இவற்றில் இரண்டு படி வெளிர்ந்த தோல் நிறம், கீழ் உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு கலந்தது. மூன்றடியில் இருந்து பார்த்தால் மனிதன் பார்ப்பதுபோலவே இருக்கும். கண்ணும் விழியும் தலைவர்களுக்கு மட்டும்.

அடித்தட்டும் வார்னிஷும்

உருவம் நிற்கும் அடித்தட்டான பேஸை வெறுமனே விட்டால் எவ்வளவு நன்றாகப் பூசியிருந்தாலும் முடியாத வேலையாகவே தோன்றும். பி.வி.ஏ. என்ற வெள்ளைப் பசையைத் தடவி மணலில் முக்குங்கள், நடுவில் ஒன்றிரண்டு பெரிய கல். காய்ந்ததும் தண்ணீர் கலந்த பி.வி.ஏ. ஒரு பூச்சு கொடுத்தால் மணல் உதிராது. அடர்பழுப்பு, அதன்மேல் ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் வெளிர்பழுப்பைத் தேய்ப்பது, அங்கங்கே ஸ்டாடிக் கிராஸ் என்ற செயற்கைப் புல். புல்லைத் தூவியதும் உருவத்தைக் கவிழ்த்து அடியில் தட்டினால் புல் நிமிர்ந்து நிற்கும். பேஸின் விளிம்பைப் படை முழுக்க ஒரே நிறத்தில் சுத்தமாக முடியுங்கள். வெவ்வேறு ஆண்டுகளில் பூசிய உருவங்களை ஒரே படையாகக் கட்டிப்போடுவது அந்த விளிம்புதான். போர்வை போர்த்திய நம் ஈட்டிக்காரனின் கால் பெருவிரல்களிலும் அங்கியின் கீழ்விளிம்பிலும் அதே தரைப் பழுப்பைக் கொஞ்சம் ஒற்றி எடுங்கள், அவன் அந்த மண்ணில் நடந்து வந்தவனாகிவிடுவான்.

விளையாடும் பொம்மை கைபட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே வார்னிஷ் தவிர்க்க முடியாதது. முதலில் பளபளப்பு வார்னிஷ், அது கெட்டி. அதன்மேல் மேட், அதாவது பளபளக்காத வார்னிஷ், பளபளப்பைக் கொல்ல. ஒரு மழைநாளில், மறுநாள் ஆட்டம் என்ற அவசரத்தில், பத்துக் குதிரைவீரர்களுக்கு மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்தபோது பத்துப் பேரும் பனியில் உறைந்த மாதிரி வெள்ளைப் புகை படிந்து நின்றார்கள். ஈரக்காற்றில் அப்படித்தான் ஆகும். பிரஷ்ஷால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்ததில் எட்டுப் பேர் மீண்டார்கள், நன்றாகக் காயவிட்டு நல்ல நாளில் மேட் அடித்துக்கொண்டேன். மற்ற இருவரையும் உரித்துத் திரும்பப் பூச வேண்டியதாயிற்று.

உரிப்பது ஒன்றும் பெரிய பாடில்லை. உலோகத்தையும் கெட்டிப் பிளாஸ்டிக்கையும் மூடியுள்ள ஜாடியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் கழன்று வரும். கையுறை போடுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. ரெசின் என்றால் முதலில் ஸ்ப்ரூத் துண்டு ஒன்றையோ தேவையில்லாத பாகம் ஒன்றையோ ஊறப்போட்டுச் சோதியுங்கள், சில ரெசின் இளகிவிடும். அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும், உலோகத்துக்கு மட்டும்தான். ஆல்கஹாலில் ஊறும்போது சூப்பர் குளூ இணைப்புகளும் பலவீனமாகும். என் இரண்டு குதிரைவீரர்களில் ஒருவனின் தலை ஜாடியின் அடியில் கிடந்தது. சரி, கழன்றதுதான் கழன்றது என்று பின்னால் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒட்டிவிட்டேன்.